பளுதூக்கும் தம்பிக்கு அரிஸ்டாட்டிலும் பாலாறும்

கேள்வி: வேலூர் சத்துவாச்சாரியில் பளுதூக்குதல் பயிற்சி எடுக்கிறேன். படிப்பு பிளஸ் டூவோடு சரி. முதுகு வலியால் ஓய்வில் இருந்தபோது தத்துவம், பொருளாதாரம் பற்றிய பேச்சுகளைக் கேட்கத் தொடங்கினேன். இப்போது விட முடியவில்லை. இரண்டையும் படிப்பது அகலக்கால் வைப்பதா சார்? எதில் தொடங்கலாம்?

பதில்: இல்லை தம்பி, தாராளமாக இரண்டையும் படியுங்கள். உங்கள் சத்துவாச்சாரி சதீஷ் சிவலிங்கம் 2014இல் காமன்வெல்த் தங்கம் வென்ற கிளாஸ்கோவில்தான் பொருளியலின் தந்தை எனப்படும் ஆடம் ஸ்மித் அறநெறித் தத்துவப் பேராசிரியராக இருந்தார். 1759இல் அற உணர்வுகளைப் பற்றி எழுதியவர்தான் 1776இல் நாடுகளின் செல்வத்தைப் பற்றியும் எழுதினார். முதல் நூலைத் தொடாதவர்களுக்கு அவர் பாதிதான் புரிவார் என்பது என் உறுதியான கருத்து.

தத்துவத்தில் அரிஸ்டாட்டிலின் 'நிக்கோமாக்கியன் எதிக்ஸ்' என்ற அறவியல் நூலில், இரண்டாம் பகுதியில் தொடங்குங்கள். அங்கே மிலோ என்ற மல்லர் வருகிறார். பத்து மினா (பழைய கிரேக்க எடை அளவு) உணவு அதிகம், இரண்டு குறைவு என்பதற்காகப் பயிற்சியாளர் எல்லோருக்கும் ஆறு என்று எழுதித் தரமாட்டார். மிலோவுக்கு அது போதாது, புதிதாகச் சேர்ந்தவருக்கோ அதிகம். ஆளுக்கும் நேரத்துக்கும் ஏற்ற அளவே நடுநிலை. கல்லூரி மாணவர்களுக்கு இதை விளக்க நான் சிரமப்படுவேன். உங்கள் கோச் ஆளாளுக்கு வேறு எடை போடுவதைத் தினமும் பார்க்கும் உங்களுக்கு விளக்கமே வேண்டாம். கூடவே குறளில் 'வலியறிதல்' (வலி என்றால் இங்கே வலிமை) அதிகாரத்தையும் படியுங்கள்.

பொருளாதாரத்துக்கு அரசின் பிளஸ் ஒன் பொருளியல் பாடநூல் போதும்; இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. உழைப்பையோ உரத்தையோ மட்டும் கூட்டிக்கொண்டே போனால் கிடைக்கும் கூடுதல் பலன் குறைந்துகொண்டே வரும் என்கிற குறைந்து செல் விளைவு விதியைப் படிக்கும்போது, களைத்த பிறகு போடும் கூடுதல் செட்டுகளை நினைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்துப் பாலாறு. தோல் தொழிற்சாலைகள் வேலையும் அந்நியச் செலாவணியும் தந்தன. கழிவு ஆற்றிலும் கிணற்றிலும் சேர்ந்தது. அந்த நஷ்டம் செருப்பின் விலையில் ஏறவில்லை, விவசாயி தலையில் விழுந்தது. பொருளியலில் இதற்குப் புறவிளைவு என்று பெயர். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை 1996இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. நஷ்டம் எவ்வளவு என்பது பொருளியல். யார் தருவது நியாயம் என்பது தத்துவம். ஆலை மூடினால் கூலி இழப்பவரை எந்தக் கணக்கில் சேர்ப்பது? இதற்கு உங்கள் பதிலை ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள். பத்துப் பேச்சுகளைக் கேட்பதைவிட அது பயன் தரும்.

பெரிய எடை தூக்கும் நாட்களில் கடினமான பக்கங்கள் வேண்டாம், ஓய்வு நாளில் படியுங்கள். பட்டம் வேண்டுமானால் தொலைநிலைக் கல்வியில் பி.ஏ. பொருளியல் இருக்கிறது. போட்டிக் காலம் முடிந்ததும் சேரலாம்.