அமெலோபிளாஸ்டோமா புற்றுநோய் இல்லையென்றால் தாடை எலும்பை ஏன் வெட்ட வேண்டும்?

தம்பிக்கு பயாப்சியில் அமெலோபிளாஸ்டோமா என்ற இந்தத் தாடைக் கட்டி என்று வந்திருக்கிறது, "கேன்சர் இல்லையே, சுரண்டி எடுத்தால் போதாதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். 2012-இல் என் தங்கைக்காக நானும் இதையேதான் கேட்டேன்.

கடலூரில் தானே புயல் அடித்து ஓய்ந்த சமயம். அவளுக்கு வலது கன்னத்தில் லேசாக வீக்கம், வலியே இல்லை. சொத்தை என்று கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார்கள். பிடுங்கிய குழி ஆறவில்லை. பிறகு எடுத்த எக்ஸ்ரேயில் தாடை எலும்புக்குள் சோப்பு நுரை மாதிரி குமிழ் குமிழாகத் தெரிந்தது. கல்யாண வயதுப் பெண், முகம் கோணிவிடுமே என்று நாங்கள்தான் கெஞ்சினோம். சுரண்டி எடுத்தார்கள்.

2018-இல் அதே இடத்தில் திரும்ப வந்தது, முன்னைவிடப் பெரிதாக.

அப்போதுதான் ஒரு டாக்டர் உட்காரவைத்து விளக்கினார். பல் எனாமலை உண்டாக்கும் திசுவின் மிச்சம் தாடைக்குள் தங்கி, அதிலிருந்து வளர்கிற கட்டி. பொதுவாக வேறு உறுப்புக்குப் பரவாது. ஆனால் எக்ஸ்ரேயில் தெரியும் எல்லையைத் தாண்டி எலும்புக்குள் வேர்விட்டிருக்கும். அதனால்தான் 1 முதல் 2 செ.மீ. நல்ல எலும்பையும் சேர்த்து வெட்டுகிறார்கள். தங்கைக்குக் காலிலிருந்து எலும்பு எடுத்துத் தாடையில் வைத்தார்கள். "பாக்கு போடுவாளா?" என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. பாக்குக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், மனசு ஆறவே மாட்டேன் என்கிறது. தையல் பிரித்துவிட்டுப் புதுச்சேரியிலிருந்து பஸ்ஸில் வருகிறோம். எல்லையில் மதுபாட்டில் சோதனை. பையில் இருந்த கேழ்வரகுக் கஞ்சி பிளாஸ்கைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு, "வாயைத் திறந்து பதில் சொல்லும்மா" என்று அவளை அதட்டினார் ஒரு போலீஸ்காரர். காதோரத்திலிருந்து கழுத்து வரை பிளாஸ்திரி ஒட்டியிருந்தது அவருக்குத் தெரியவில்லையா?

நான் டாக்டர் இல்லை. எல்லாருக்கும் வெட்டத்தான் வேண்டும் என்று சொல்கிறேன் என யாரும் சண்டைக்கு வர வேண்டாம். ஒற்றை நீர்ப்பை மாதிரி இருக்கும் யூனிசிஸ்டிக் வகையில் சிலருக்குச் சின்ன சிகிச்சையே போதுமாம். தம்பியின் பயாப்சி தாளில் எந்த வகை என்று எழுதியிருக்கிறது, முதலில் அதைப் பாருங்கள். எந்த சிகிச்சை செய்தாலும் வருஷா வருஷம் எக்ஸ்ரேயை விட்டுவிடாதீர்கள்; பத்து வருஷம் கழித்துக்கூடத் திரும்பும். தங்கைக்கு நான்தான் இன்னும் கூடப் போகிறேன்.