மாமியாரின் 2,000 ரூபாய் எங்கே போனது?

கேள்வி: என் மாமியார் பெயரில் 60 சென்ட் ரப்பர் தோட்டம் இருக்கிறது. மத்திய அரசு விவசாயிகளுக்கு வருஷம் 6,000 ரூபாயை மூன்று தவணையாகத் தரும் பி.எம். கிசான் பணம் ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. இப்போது பாஸ்புக்கில் ஏறவில்லை. ஒருவர் 'கேஒய்சி (அடையாளச் சரிபார்ப்பு) முடியவில்லை' என்கிறார், இன்னொருவர் 'பணம் போட்டாச்சே' என்கிறார். இ-சேவை மையத்தில் மாமியாரின் கைரேகையும் விழவில்லை. என்ன செய்ய?
– வாசகி, குலசேகரம்

பதில்: இரண்டு பேர் சொன்னதையும் ஓரமாக வையுங்கள், அம்மா. பி.எம். கிசான் இணையதளத்தில் மாமியாரின் பதிவு எண்ணைப் போட்டால், நில விவரம், கேஒய்சி, ஆதார்-வங்கி இணைப்பு மூன்றுக்கும் ஆம், இல்லை என்று காட்டும். எத்தனையாவது தவணை எந்தத் தேதியில் போனது என்பதும் அதிலேயே இருக்கும்.

பணம் போனதாகக் காட்டினால், வேளாண்மை அலுவலகத்துக்கு ஓட வேண்டாம். இந்தப் பணம் ஆதாரோடு கடைசியாக இணைத்த வங்கிக் கணக்கைத் தேடிப் போகும். நீங்கள் விண்ணப்பத்தில் எழுதிக் கொடுத்த கணக்கு எண்ணை அது பார்ப்பதில்லை. இடையில் கேஸ் மானியத்துக்கோ மகளிர் உரிமைத் தொகைக்கோ வேறு வங்கியில் கணக்குத் தொடங்கினாரா என்று மாமியாரிடமே கேளுங்கள். அலமாரிக்குள் கிடக்கும் அந்தப் பாஸ்புக்கைப் பதிந்து பார்த்தால் பணம் அதில் இருக்க வாய்ப்பு அதிகம். எந்த வங்கி என்றே நினைவில்லையா? ஆதார் இணையதளத்தில் பார்க்கலாம். பதிவு செய்த கைபேசி கையில் இருந்தால் போதும்.

கேஒய்சி 'இல்லை' என்று காட்டினால், மாமியாரைத் திரும்பத் திரும்ப இ-சேவை மையத்துக்கு இழுக்காதீர்கள். வருஷக்கணக்காக ரப்பர் பால் வெட்டி, உறைய வைக்கிற ஆசிட்டில் புழங்கி, ஷீட் அடித்த விரலில் ரேகை எங்கே மிஞ்சும்? 2023 முதல் பி.எம். கிசான் செயலியிலேயே முகத்தைக் காட்டிக் கேஒய்சி முடிக்கும் வசதி வந்துவிட்டது. ஸ்மார்ட்போன் அவரிடம் இருக்க வேண்டும் என்பதில்லை, உங்கள் போனிலேயே செய்யலாம். முற்றத்தில், நல்ல வெளிச்சத்தில் நிற்க வையுங்கள். 'நான் முடித்துத் தருகிறேன், 500 கொடுங்கள்' என்று வருகிறவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். ஒரு தவணையே 2,000தான்.

கேள்வி: தோவாளை பக்கம் பாட்டத்துக்கு நிலம் எடுத்து வாழை வைத்திருக்கிறேன். எனக்கு 6,000 கிடைக்குமா?

பதில்: கிடைக்காது. திட்டம் பட்டாக்காரருக்கு மட்டும். மண்வெட்டி பிடிக்கிறவர் ஒருவர், பணம் வாங்குகிறவர் வெளியூரில் இருக்கும் இன்னொருவர் என்பது எனக்கும் உறுத்துகிற விஷயம்தான். ஆனால் பயிர்க் காப்பீட்டில் குத்தகைக்காரரும் சேரலாம். கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கல் (நிலத்தில் என்ன பயிர் என்று காட்டும் சான்று) வாங்கி, கடைசித் தேதிக்கு முன்பே பதிந்துவிடுங்கள். ஆடிக் காற்று குலை தள்ளிய வாழையைச் சாய்த்த பிறகு போய் நின்றால் யாரும் சேர்க்க மாட்டார்கள்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியர். தென்னந்தோப்பை மனைவி பெயருக்கு மாற்றினால் அவளுக்குப் பணம் வருமா?

பதில்: வராது, சார். மாதம் 10,000 ரூபாயோ அதற்கு மேலோ பென்ஷன் வாங்குகிறவர் இருந்தால் குடும்பத்துக்கே கிடையாது. போதாக்குறைக்கு, 2019 பிப்ரவரி 1-க்குப் பிறகு கைமாறிய நிலமும் கணக்கில் வராது. வாரிசு வழியில் வந்தால் மட்டும் விலக்கு. நானும் பென்ஷன்காரன்தான், எனக்கும் கிடையாது.