தங்கவயல்: தாத்தா சொன்னதும் சொல்லாததும்

அன்புள்ள ஐயா,

கோலார் தங்கவயல் குறித்த உங்கள் கட்டுரையைப் படித்தேன். குடியாத்தம் பக்கத்து ஊரிலிருந்து சாம்பியன் ரீஃப் சுரங்கத்துக்கு வேலைக்குப் போனவர் என் தாத்தா. கால்பந்துப் போட்டி, பேண்டு வாத்தியம், கிறிஸ்துமஸ் விளக்குகள் என்றுதான் கடைசிவரை பேசினார். நீங்களோ சாவையும் நோயையுமே எழுதியிருக்கிறீர்கள். பாட்டியும் தாத்தா சொன்னதையே சொல்கிறார். எதை நம்புவது?

ஒரு வாசகர், குடியாத்தம்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் தாத்தா சொன்னது உண்மை. அவை யாவும் தரைக்கு மேலே நடந்தவை. சாம்பியன் ரீஃப் 3 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்துக்கு இறங்கிய சுரங்கம். உள்ளே போகப் போகச் சூடு ஏறும், அழுத்தம் தாளாமல் பாறை திடீரென வெடித்துச் சிதறும். அங்கே வேலை முடித்து மேலே வந்தவருக்கு அந்த இருட்டை வீட்டுக்குள் கொண்டுவர மனம் வந்திருக்காது.

அவருடைய பெருமிதத்துக்கும் காரணம் உண்டு. 1880-இல் ஜான் டெய்லர் என்ற ஆங்கிலேயச் சுரங்க நிறுவனம் அங்கே காலூன்றிய பிறகு, வடார்க்காட்டின் நிலமற்ற தலித் குடும்பங்கள் பெருமளவில் அங்கே குடியேறின. பிறர் நிலத்தில் தலைமுறை தலைமுறையாகக் கட்டுண்டு கிடந்தவர்களுக்குக் கையில் காசாகக் கிடைத்த கூலி எவ்வளவு பெரிய விடுதலை என்பதை இன்று நாம் எளிதில் உணர முடியாது. தலித் சிந்தனையாளர் அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த இயக்கம் தங்கவயலின் மாரிக்குப்பத்தில் வேர்விட்டது. 1930-இல் கைரேகைப் பதிவை எதிர்த்துத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள்.

ஆனால், பாறையைத் துளைக்கும்போது எழும் சிலிக்கா தூசி நுரையீரலில் படிந்து சிலிக்கோசிஸ் நோயாகும். அதைக் குணப்படுத்த மருந்தில்லை. ஊர் திரும்பியவர்களின் இருமலைக் காசநோய் என்று சொல்லியே நம் கிராமங்களில் பலரை அடக்கம் செய்துவிட்டோம். அவர்களுடைய சாவுக்கான காரணம் எங்கும் சரியாகப் பதிவாகவில்லை என்ற ஆற்றாமையால்தான் அந்தக் கட்டுரையில் நோயைப் பற்றி அவ்வளவு எழுதினேன்.

2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டது. அங்கேயே தங்கியவர்களில் பலர் விடியும் முன்னே ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். தங்கவயலின் வரலாற்றை எழுதுவோர் அவர்களைத் தேடிப் போகிறார்கள். குடியாத்தத்துக்கும் ஆம்பூருக்கும் திரும்பி வந்துவிட்ட குடும்பங்களைத் தேடி வருவோர் குறைவு.

பாட்டியிடம் பொறுமையாகக் கேளுங்கள். தாத்தா எந்த ஷிப்டில் இறங்கினார், விபத்துச் செய்தி வந்தால் பெண்கள் எங்கே போய்க் காத்திருந்தார்கள், இருமல் எந்த வயதில் தொடங்கியது என்று கேளுங்கள். அவர் சொல்வதை அவர் சொல்லிலேயே எழுதி, வீட்டில் சுரங்கக் காகிதம் ஏதேனும் இருந்தால் அதன் படத்தையும் சேர்த்து அனுப்புங்கள்; இங்கே வெளியிடுகிறேன்.