தீபாவளிக்கு சேர்த்த ஆளும் கணக்குல வருவாங்க

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுல ரெடிமேட் கடை வச்சிருக்க ஒரு அண்ணன் கேட்டிருக்காரு: "கடையில நிரந்தரமா 9 பேர், தீபாவளி சீசனுக்கு மட்டும் கூட 4 பேர் எடுப்பேன். ஏழு வருஷம் எட்டு மாசம் சேல்ஸ்ல இருந்த ஒரு அக்கா இப்ப வேலைய விட்டு நிக்கிறாங்க, கடைசி சம்பளம் 14,000. கிராஜுவிட்டி, அதாவது பல வருஷம் வேலை பாத்தவங்க நிக்கும்போது குடுக்குற தொகை, கேக்குறாங்க. பத்து பேர் இல்லாத கடைக்கு அது கிடையாதுன்னு பக்கத்து கடைக்காரர் சொல்றாரு. வருஷா வருஷம் போனஸ் குடுத்திருக்கேன், அவங்க பொண்ணு கல்யாணத்துக்கு 30,000 கடனும் குடுத்திருக்கேன், அதுல கழிச்சுக்கலாமா?"

குடுத்துதான் ஆகணும் அண்ணே, கழிக்கவும் கூடாது.

பத்து பேர் கணக்கு இன்னைக்கு கடையில எத்தன பேர் நிக்கிறாங்கன்னு பாக்குறது இல்ல. கடந்த 12 மாசத்துல ஏதாவது ஒரு நாள் பத்து பேர் வேலை செஞ்சிருந்தா போதும், சட்டம் உங்க கடைக்கு வந்துடும், அப்புறம் ஆள் கொறஞ்சாலும் போகாது. தீபாவளி நேரத்துல உங்க கடையில 13 பேர் இருந்தாங்கல்ல, அங்கயே கதை முடிஞ்சுது. அந்த நாலு பேர் பேர அட்டென்டன்ஸ் ரெஜிஸ்டர்ல எழுதாம தினக்கூலிய கல்லாவுல இருந்து கவர்ல போட்டு குடுத்திருந்தாலும் அவங்களும் கணக்குல வர்ற ஆளுதான்.

கணக்கு இதான்: கடைசி சம்பளத்த 26ஆல வகுத்து, 15ஆல பெருக்கி, எத்தன வருஷமோ அதால பெருக்கணும். ஏழு வருஷத்துக்கு மேல எட்டு மாசம் இருக்கு, ஆறு மாசம் தாண்டுனா முழு வருஷம், அதனால 8. மொத்தம் 64,615 ரூபா. 30 நாளைக்குள்ள குடுக்கணும், தள்ளிப்போட்டா வட்டியும் சேரும். பாக்கி சம்பளம் இருந்தா அது ரெண்டு வேலை நாளுக்குள்ள போயாகணும்.

சில பேர் சம்பளத்துல பேசிக்க 5,000ன்னு எழுதி மிச்சத்த படின்னு காட்டுவாங்க. 2025 நவம்பர் 21ல புது லேபர் கோடு அமலுக்கு வந்ததுல இருந்து அது செல்லாது, படி பாதிக்கு மேல போனா அந்த அதிகப்படி தொகைய சம்பளத்தோட சேத்துத்தான் கணக்கு போடுவாங்க.

போனஸ் அந்தந்த வருஷத்துக்கு குடுத்தது, கிராஜுவிட்டி வேற. கல்யாணக் கடன தனியா பேசி தவணையா வாங்கிக்கோங்க. அப்புறம் "எனக்கு எந்த பாக்கியும் இல்ல"ன்னு பேப்பர்ல கையெழுத்து வாங்கிட்டா தப்பிச்சுடலாம்னு யாராவது ஐடியா குடுப்பாங்க, தயவுசெஞ்சு அத செய்யாதீங்க, கிராஜுவிட்டி உரிமைய எழுதி வாங்கி ரத்து பண்ண முடியாது, லேபர் ஆபீஸ்ல போய் நின்னா அந்த பேப்பர் உங்களுக்கு எதிராத்தான் பேசும். ஏழரை வருஷம் உங்க கஸ்டமர புடிச்சு வச்ச அக்கா அவங்க, கணக்கு போட்ட துண்டுச்சீட்ட கையில குடுத்து, பணத்த பேங்க்ல போட்டு விடுங்க.

நீங்க கேக்கல, ஆனா எனக்கு அதவிட பெரிய கவலை ஈ.எஸ்.ஐ., அதாவது வேலை செய்றவங்களுக்கான அரசு மருத்துவ காப்பீடு. அதுக்கும் பத்து பேர்தான். மாசம் 21,000 வரைக்கும் சம்பளம் வாங்குற எல்லாருக்கும் சம்பளத்துல நீங்க 3.25 சதவீதம், அவங்க 0.75 சதவீதம் கட்டணும். 14,000 சம்பளத்துக்கு உங்க பங்கு 455 ரூபா, அவங்க பங்கு 105. இத்தன வருஷம் கட்டாம விட்டுட்டு நாளைக்கு நோட்டீஸ் வந்தா, பழைய மாசத்துக்கு அவங்க பங்கையும் அவங்க சம்பளத்துல புடிக்க முடியாது, ரெண்டையும் நீங்கதான் கட்டணும். பணம் ஒரு பக்கம் இருக்கட்டும், ஸ்டாக் ரூம் ஏணில இருந்து ஒரு புள்ள விழுந்து காலு ஒடஞ்சா என்ன பண்ணுவீங்க? ஈ.எஸ்.ஐ. கார்டு இருந்தா அயனாவரம் ஆஸ்பத்திரில வைத்தியம் ஆகும், லீவு நாளுக்கு காசும் வரும், இல்லன்னா அந்த குடும்பம் கொருக்குப்பேட்டைல எங்கயாவது வட்டிக்கு வாங்கி நிக்கும். மொதல்ல இத பதிவு பண்ணுங்க. பி.எஃப். 20 பேருக்குத்தான், உங்களுக்கு இப்ப இல்ல.

இனிமே சேர்ற ஒவ்வொருத்தருக்கும், சீசன் ஆளா இருந்தாலும், சேந்த தேதியும் சம்பளமும் போட்டு ஒரு அப்பாயின்ட்மென்ட் லெட்டர் குடுங்க. வேலை நேரம் ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துல ஒரு நாள் லீவு. அதோட கடையில உக்கார இடம் குடுக்கணும்னு 2021ல தமிழ்நாட்டுல சட்டமே போட்டாங்க, ஆனா எம்.சி. ரோட்டுல இன்னும் எத்தனையோ கடைல கஸ்டமர் இல்லாத நேரத்துலயும் பொண்ணுங்க ரேக்க புடிச்சுக்கிட்டு ஒத்தக்கால மாத்தி மாத்தி நிக்கிறத பாக்குறேன், மனசு கஷ்டமா இருக்கு. கவுன்ட்டர் பின்னாடி ஆளுக்கு ஒரு ஸ்டூல் போட்டு வைங்க அண்ணே.