பேச்சைக் கேட்டு பீரோவைப் பூட்டலாமா?

கேள்வி: என் மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். போன வாரம் பள்ளியில் பெற்றோர் கூட்டம். பேச வந்தவர், பிள்ளைகளிடம் செல்போன் கொடுப்பதைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும் அவள் போனைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டினேன். "அது வெறும் பேச்சும்மா. கிளாஸ்ல எல்லார்ட்டயும் இருக்கு" என்று சண்டை போடுகிறாள். நினைவில் இருந்த வரிகளை எழுதி அனுப்பியிருக்கிறேன். யார் சொல்வது சரி?
- ஒரு வாசகி, மன்னார்குடி பக்கம்

பதில்: அன்புச் சகோதரிக்கு,

கெட்டிக்காரப் பேச்சாளர்தான். "நானும் ரெண்டு பொம்பளப் பிள்ளையைப் பெத்தவன்" என்று ஆரம்பித்ததிலேயே பாதி வேலை முடிந்துவிட்டது. நம்மாள் என்று மனசு ஏற்றுக்கொண்டவரிடம் ஆதாரம் கேட்கத் தோன்றாது.

அடுத்து, "நாமெல்லாம் பாமணி ஆத்துல குதிச்சு விளையாடி வளரலையா?" வளர்ந்தோம். ஆனால் மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறந்து, தண்ணீர் கடைமடை வரை வந்தால்தானே குதிக்க முடியும்? ஜனவரி 28-ல் மூடிவிட்டால் கோடையில் வெறும் மணல். அந்த மணலும், ஆற்றோடு போன பிள்ளைகளும் இந்த மாதிரிப் பேச்சுகளில் வருவதே இல்லை.

"எந்தத் தாய் தன் கையால பிள்ளைக்கு சாராயம் ஊத்திக் கொடுப்பா?" நீங்கள் அழுதது இந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன். கேள்வி மாதிரி இருக்கிறது, பதில் சொல்ல இடமில்லை. செல்போனும் சாராயமும் ஒன்றா என்பதுதான் வழக்கே. அவரோ தீர்ப்பு வந்துவிட்ட மாதிரி மேலே போய்விட்டார்.

எனக்குப் பிடித்தது, "போனே வேண்டாம்னு சொல்லல. 2020-ல பள்ளிக்கூடம் மூடிக் கிடந்தப்ப பாடமே அதுலதானே நடந்துச்சு. ஆனா..." என்று இழுத்தது. பவணந்தி எழுதிய பழைய இலக்கண நூலான நன்னூல் சொல்லும் எழுவகை மதங்களில் (மதம் என்றால் இங்கே கொள்கை) ஒன்று 'பிறர்தம் மதம் மேற்கொண்டு களைவு'. எதிராளி சொல்வதை முதலில் ஒப்புக்கொண்டு, பிறகு தள்ளிவிடுவது. பவணந்தி காலத்துச் சரக்கு! இதில் தப்பில்லை, நேர்மையானவர்களும் செய்வார்கள். அந்த 'ஆனா'வுக்குப் பின்னால் காரணம் வருகிறதா, பயமுறுத்தல் வருகிறதா என்று மட்டும் பாருங்கள். இவர் பேச்சில் வந்தது ஊர் பேர் இல்லாத ஒரு பையனின் கதை.

"உலக சுகாதார நிறுவனமே சொல்லுது" என்றாராம். சொன்னது நிஜம், 2019-ல். ஆனால் அது ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான வழிகாட்டுதல். இரண்டு வயது வரை திரையே வேண்டாம், 2 முதல் 4 வயது வரை ஒரு நாளைக்கு 1 மணி நேரத்துக்கு மேல் கூடாது என்கிறது. உங்கள் மகளோ எட்டாம் வகுப்பு. பெரிய பெயராகச் சொல்லிவிட்டால் வயசை யாரும் விசாரிப்பதில்லை.

அதற்காக மகள் ஜெயித்துவிட்டாள் என்று அர்த்தமில்லை. 'எல்லார்ட்டயும் இருக்கு' என்பதும் அதே வகைச் சாமர்த்தியம்தான். பெயர் பெயராக எண்ணச் சொல்லுங்கள். அந்த 'எல்லாரும்' எத்தனை பேர் என்று தெரிந்துவிடும்.

சரி, ஜோடனையை எல்லாம் கழற்றிவிட்டால் அவர் பேச்சில் என்ன மிஞ்சுகிறது? "ராத்திரி போர்வைக்குள்ள போன் எரியுது, காலையில பிள்ளை எழுந்திரிக்க மாட்டேங்குது" என்ற ஒரு வரி. நல்ல வரி. அவர் அதை அரை நிமிஷத்தில் கடந்துவிட்டது போலத் தெரிகிறது. இதைச் சரிபார்க்க எந்த நிறுவனமும் வேண்டாம். உங்கள் மகள் காலையில் எப்படி எழுந்திருக்கிறாள் என்று உங்களுக்கே தெரியும்.

ஒரு சாயங்காலம் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, இந்த வரிகளையும் ஒரு பென்சிலையும் கொடுங்கள். காரணத்துக்குக் கீழே கோடு, கலங்கடிக்கும் இடத்துக்கு வட்டம். அவள் சொன்ன வரியையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் பீரோவைத் திறந்துவிடலாம். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் அவள் போன் கூடத்தில் சார்ஜில் கிடக்கட்டும், உங்களுடையதும் பக்கத்திலேயே.