ஃபில்லர் போட்டுக்கொண்டு மலையேறலாமா?

கன்னத்துக்கும் உதட்டுக்கும் கண்ணுக்குக் கீழுள்ள பள்ளத்துக்கும், தோலுக்கடியில் நிரப்பி மேடாக்கும் ஃபில்லர் ஊசி போட்டுக்கொள்ள நீலகிரியிலிருந்து கோவைக்கு இறங்குகிறவர்கள் இப்போது அதிகம். ஊசி அங்கே போடப்படுகிறது. வீக்கமும் பயமும் இங்கே, வீட்டில், இரவில் வருகின்றன. இந்த மாதக் கேள்விகளில் பெரும்பாலானவை அந்த இரவைப் பற்றியவை.

குன்னூர் வாசகி: இரண்டு நாளுக்கு முன் இரு கன்னங்களிலும் ஹையலூரோனிக் அமில ஃபில்லர் போட்டேன். இன்று காலை முகம் உப்பிவிட்டது, இடது பக்கம் அதிகம். கண்ணாடியைப் பார்த்ததும் அழுதுவிட்டேன்.

அழாதீர்கள், அம்மா. இந்த மருந்து தண்ணீரைத் தன்பால் இழுக்கும் இயல்புடையது. ஊசி குத்திய வீக்கமும் அதனுடன் சேரும். இரண்டு மூன்று நாட்களில்தான் அது உச்சத்துக்குப் போகும். இரவெல்லாம் படுத்து எழுந்த காலையில் இன்னும் கூடுதலாகத் தெரியும். ஒரு பக்கம் சிறு ரத்தக்குழாயில் ஊசி பட்டிருந்தால் அந்தப் பக்கம் அதிகமாக வீங்கும். இரண்டு வாரம் ஆகும் முன் இடது வலது கணக்குப் பார்க்க வேண்டாம்.

ஐஸ் கட்டியைப் பருத்தித் துணியில் சுற்றிப் பத்து நிமிடம் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். இரண்டு தலையணை வைத்து மல்லாந்து படுங்கள். வலிக்குப் பாராசிட்டமால் போதும். ஐபுபுரூஃபன் போன்ற மாத்திரைகள் ரத்தக்கட்டை அதிகமாக்கும்.

உதகை வாசகி: காலையில் கோவையில் ஊசி போட்டுவிட்டு மாலையே திரும்பலாமா? கொண்டை ஊசி வளைவுகளில் ஃபில்லர் நகர்ந்துவிடும் என்கிறார்களே?

வளைவுகளால் நகராது. வாந்தி வருகிறவர்கள் முன்பே மாத்திரை போட்டுக்கொள்ளுங்கள். குமட்டி முக்கும்போது முகத்தில் ரத்தம் ஏறி, கன்றிய இடம் பெரிதாகும். என் கவலை வேறு. அன்றிரவு உங்களுக்கும் ஊசி போட்ட மருத்துவருக்கும் நடுவே ஒரு மலைப்பாதை இருக்கும்.

அரிதாக, ஃபில்லர் ரத்தக்குழாய்க்குள் புகுந்தோ வெளியிலிருந்து அழுத்தியோ ரத்த ஓட்டத்தை அடைத்துவிடும். மூக்கு, புருவ மத்தி, மூக்கோரக் கோடு ஆகிய இடங்களில் ஆபத்து அதிகம். பெரும்பாலும் ஊசி போடும்போதே தெரியும். சிலருக்குச் சில மணி நேரம், ஏன், மறுநாள்கூட ஆகலாம். சென்ற ஐப்பசியில் ஒரு பெண் இரவு ஒன்பது மணிக்கு எனக்குப் படம் அனுப்பினார். மூக்கோரத்தில் புளியங்கொட்டை அளவு வெளுப்பு. அதைச் சுற்றி வலை விரித்தாற்போல் ஊதா நிறம். மழைக்குப் பயந்து அன்று மேட்டுப்பாளையத்தில் உறவினர் வீட்டில் தங்கியிருந்ததால் ஒரு மணி நேரத்தில் கோவை போய்ச் சேர்ந்தார். ஹையலூரோனிடேஸ் என்ற கரைக்கும் மருந்தைச் செலுத்தினார்கள், ஒரு தடவை அல்ல, மறுபடி மறுபடி. விடிவதற்குள் நிறம் திரும்பியது. குன்னூர்ப் பாதையில் மண் சரிந்த இரவாக இருந்து, அவர் மேலே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ என்று இன்றும் நினைக்கிறேன்.

ஆகவே முதல் இரவு கீழேயே தங்குங்கள். முகத்தைக் கதகதப்பாக வைத்துக்கொண்டு, ஊசி போட்ட இடத்தை விரல் நுனியால் ஐந்து விநாடி அழுத்தி எடுங்கள். வெளுத்த தோல் இரண்டு மூன்று விநாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். மறு கன்னத்தோடு ஒப்பிடுங்கள். நம் தோல் நிறத்தில் வெளுப்பு சட்டென்று புலப்படாது. உதட்டில் போட்டிருந்தால் உட்புறத்தையும் மடக்கிப் பாருங்கள். நிறம் திரும்பத் தாமதமானாலும், வலி ஏறிக்கொண்டே போனாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அந்த இடத்தில் ஐஸும் வைக்கக் கூடாது. பார்வை மங்கினாலோ இரட்டையாகத் தெரிந்தாலோ நேரே கண் வசதியுள்ள பெரிய மருத்துவமனைக்கு. விழித்திரை ரத்தமின்றித் தாங்குவது ஒன்று, ஒன்றரை மணி நேரம்தான்.

கோத்தகிரி வாசகி: நீலக்கட்டு மறைய நீலகிரித் தைலம் தடவி ஆவி பிடிக்கச் சொல்கிறார் மாமியார். ஹெத்தை அம்மன் பண்டிகைக்குள் சரியாகுமா?

தைலத்தின் மீது எனக்கும் பிரியம் உண்டு. ஆனால் ஊசித் துளைகள் ஆறாத முகத்தில் அது எரிச்சலைக் கிளப்பும். ஆவி, கணப்பு அடுப்பு, நீராவிக் குளியல் எல்லாம் முதல் இரண்டு நாள் வேண்டாம்; சூடு வீக்கத்தைக் கூட்டும். கன்றல் ஏழு முதல் பத்து நாளில் மறையும், சிலருக்கு இரண்டு வாரம். குளிர்கிறதே என்று வெயிலை அலட்சியம் செய்யாதீர்கள். ஆயிரம் மீட்டர் ஏற ஏறப் புற ஊதாக் கதிர் பத்து சதவீதம்போலக் கூடுகிறது. கன்றிய இடம் கருமையாகப் படிந்துவிடும்.

குன்னூர் வாசகர்: இதயத்துக்காக ஆஸ்பிரின் சாப்பிடுகிறேன். ஊசிக்கு முன் நிறுத்தட்டுமா?

நீங்களாக நிறுத்தவே கூடாது. இதய மருத்துவர் சொன்னால் மட்டும். கொஞ்சம் கூடுதலாகக் கன்றினால் கன்றட்டும்.

கூடலூர் வாசகி: உதட்டில் ஒரு மாதம் கழித்துக் கட்டி தென்படுகிறது. அழுத்தித் தேய்க்கலாமா?

முதல் இரண்டு வாரத்துச் சிறு உருண்டைகள் பெரும்பாலும் தானே சமனாகும். ஒரு மாதம் கழித்து வந்ததை மருத்துவர் தொட்டுப் பார்க்க வேண்டும், தேய்க்காதீர்கள். சிவந்து, சூடாக, தொட்டால் வலித்தால் கிருமித் தொற்றாக இருக்கலாம். சளி, காய்ச்சலுக்குப் பின் ஃபில்லர் போட்ட இடம் திடீரென வீங்குவதும் உண்டு. பல் வேலையை ஊசிக்கு இரண்டு வாரம் முன்போ பின்போ தள்ளி வையுங்கள். உதட்டோரம் அடிக்கடி நீர்க்கொப்புளம் வருகிறவர் என்றால் ஊசிக்கு முன்பே சொல்லுங்கள். தடுப்பு மாத்திரை இருக்கிறது.

உதகை வாசகி: அழகு நிலையத்தில் ஊசியே இல்லாத பேனா போன்ற கருவியால் பாதி விலைக்குச் செய்கிறார்கள்.

வேண்டாம். அழுத்தத்தால் மருந்தை உள்ளே பாய்ச்சும் அந்தக் கருவிகளைப் பற்றி எச்சரித்து 2021-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அறிவிப்பே வெளியிட்டது. அடைப்பு ஏற்பட்டால் கரைக்கும் மருந்து கையிருப்பில் உள்ள மருத்துவரிடம் மட்டும் போங்கள். ஊசிக்கு முன்பே அதைக் கேளுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

கோத்தகிரி வாசகர்: தேனீ கொட்டி ஒருமுறை மூச்சுத் திணறி மருத்துவமனை போனேன். மனைவி ஃபில்லர் போட்டுக்கொள்ளச் சொல்கிறார். இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா?

நல்ல கேள்வி. ஃபில்லருக்கும் தேனீக்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஆனால் அதைக் கரைக்கும் ஹையலூரோனிடேஸ் தேனீ விஷத்திலும் இருக்கும் பொருள். அவசரத்தில் அதைப் போட வேண்டி வந்தால் ஒவ்வாமை கிளம்பலாம். முதல் சந்திப்பிலேயே சொல்லி, நோயாளிக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள். தேன் எடுக்கப் போகும் குடும்பத்தாருக்கும் இதையே சொல்கிறேன்.