கார் கதவுக்குத் தோல் உறை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எங்கள் காரின் நான்கு கதவுகளிலும் உட்புறம் ஒட்டியிருந்த துணி உப்பி, ஓரங்களில் உரிந்து தொங்குகிறது. சீட் கவர் கடையில் ரெக்சின் போட்டுத் தருவதாகச் சொல்கிறார்கள். எனக்கோ அசல் தோலை வாங்கி வீட்டிலேயே நானே ஒட்ட வேண்டும் என்று ஆசை. எங்கிருந்து தொடங்குவது?
— பெரம்பூர் வாசகர்

பதில்: தாராளமாகச் செய்யலாம். ஆனால் எடுத்த எடுப்பிலேயே டோர் பேட், அதாவது கதவின் உட்புறப் பலகை, முழுவதையும் தோலால் மூட முயல வேண்டாம். நடுவில் துணி ஒட்டியிருக்கும் பகுதி, கை வைக்கும் பகுதி, இந்த இரண்டு மட்டும் போதும். ஒரு மில்லிமீட்டர் தோலும் அதன் அடியில் மூன்று மில்லிமீட்டர் ஃபோமும் சேர்ந்தால் நான்கு மில்லிமீட்டர் கனம் கூடிவிடும். கண்ணாடியை ஒட்டிய மேல் விளிம்பிலும், பவர் விண்டோ சுவிட்சுகள் உட்காரும் பள்ளத்திலும் அந்த அளவுக்கு இடைவெளி கிடையாது. அங்கேயும் தோலை இழுத்து ஒட்டினால் கிளிப் சரியாக உட்காராமல் கதவு கடகடக்கும். கண்ணாடியும் உரசிக்கொண்டே ஏறி இறங்கும்.

கழற்றுவதற்கு முன் பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பை எடுத்துவிடுங்கள். கைப்பிடிக் குழிக்குள்ளும் சிறிய மூடிகளுக்குப் பின்னாலும் ஒளிந்திருக்கும் திருகாணிகளைக் கழற்றிய பிறகு, பட்டையான பிளாஸ்டிக் நெம்புகோலைக் கீழ் விளிம்பில் கொடுத்துக் கிளிப்களை ஒவ்வொன்றாக விடுவிக்கலாம். ஸ்குரூ டிரைவரால் நெம்பினால் பெயின்டில் கீறல் விழும். பழைய கிளிப்களில் சில உடைவது இயல்பு. சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலுள்ள உதிரிபாகக் கடைகளில் உங்கள் கார் மாடலைச் சொல்லிக் கூடுதலாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பேடைத் தூக்கியதும் கதவின் இரும்பின்மேல் ஒரு பிளாஸ்டிக் தாள் கறுப்புப் பிசினால் ஒட்டப்பட்டிருப்பதைக் காண்பீர்கள். வேண்டாத தாள் என்று அதைக் கிழித்துவிடக் கூடாது. மழையின்போது கண்ணாடி வழியாக இறங்கும் நீர் கதவுக்குள் சென்று அடித்துளைகள் வழியே வெளியேறுகிறது. அந்த நீர் உள்பக்கம் வராமல் தடுப்பது இந்தத் தாள்தான். அது கிழிந்தால் உங்கள் புதிய தோல் பின்புறமிருந்து நனையும். மேலும், சில கார்களில் பக்கவாட்டு ஏர்பேகுக்கான அழுத்த உணரி கதவுக்குள் இருக்கும். கதவின் உட்புறம் மூடியிருந்தால்தான் அது சரியாக வேலை செய்யும். கதவிலேயே ஏர்பேக் என்ற குறி இருந்தால் அந்தப் பேடை நீங்கள் தொடாமல் தகுந்த பணிமனையிடம் விட்டுவிடுங்கள்.

துணி உரிந்ததற்குப் பசையைக் குறை சொல்வது வழக்கம். பெரும்பாலான பழைய கார்களில் உண்மையான காரணம் துணிக்கு அடியிலுள்ள ஃபோம், வெயிலிலும் ஈரக்காற்றிலும் சிதைந்து போவதே. நகத்தால் சுரண்டிப் பாருங்கள்: மஞ்சளாகப் பிசுபிசுத்த தூள் உதிரும். அதன்மேல் எவ்வளவு உயர்ந்த பசையைத் தடவினாலும் அது தூளைத்தான் பிடிக்குமே தவிரப் பலகையைப் பிடிக்காது. ஆகவே கடைசித் துகள் வரை சுரண்டித் துடைப்பதில்தான் இந்த வேலையின் பாதி நேரம் செல்ல வேண்டும். பிறகு பலகை எந்த வகை பிளாஸ்டிக் என்று காட்ட அதன் பின்புறத்தில் அச்சாகியிருக்கும் ஆங்கில எழுத்துகளைப் பாருங்கள். ஏபிஎஸ் என்றிருந்தால் பசை நன்றாகப் பிடிக்கும். பிபி என்று தொடங்கினால் அது பாலிபுரொப்பிலீன். வெறும் பசை அதில் நிற்காது. உப்புத்தாளால் தேய்த்து, அந்த பிளாஸ்டிக்குக்கென்றே விற்கும் பிரைமரைப் பூசிய பிறகே பசையை எடுக்க வேண்டும்.

கேள்வி: சென்னை பெரியமேட்டுத் தோல் கடைகளில் எந்தத் தோலைக் கேட்டு வாங்குவது? பை தைக்கும் தோல் என்னிடம் மீதமிருக்கிறது, அது ஆகுமா?
— அம்பத்தூர் வாசகர்

பதில்: பைத் தோல் பெரும்பாலும் கனமாகவும் விறைப்பாகவும் இருக்கும், வளைவுகளில் படியாது. ஜாக்கெட் தோல் நன்றாக இழுபட்டாலும் மிகவும் மெல்லியது. கடையில் சோபா அல்லது கார் இருக்கைக்கான குரோம் பதனிட்ட தோல் என்று கேளுங்கள். ஒரு மில்லிமீட்டரை ஒட்டிய கனம் போதும். தாவரப் பட்டையால் பதனிட்ட தோல் கைவினைக்கு அருமையானது, ஆனால் சென்னையில் வெயிலில் நிற்கும் காருக்குள் சுருங்கி இறுகிவிடும்.

ஓரத்தில் ஒரு துளி நீர் விட்டுப் பார்க்க அனுமதி கேளுங்கள். நீரை உடனே உறிஞ்சிக் கறுத்தால் அதற்கு மேற்பூச்சு இல்லை என்று பொருள். தொட்டால் இனிமையாக இருக்கும், வெயிலில் விரைவில் வெளுத்துப்போகும். துளி உருண்டு நின்றால் அதுவே காருக்கு ஏற்றது. நான்கு கதவுகளுக்கும் சேர்த்து ஒரே தோலிலிருந்து வெட்டுங்கள், ஏனெனில் ஒரே நிறமென்று சொன்னாலும் அடுத்த தோலின் சாயம் சற்று மாறும். வயிற்றுப் பகுதி தளர்ந்து இழுபடும் என்பதால் அதைக் கை வைக்கும் பகுதிக்கு ஒதுக்கிவிட்டு, முதுகுப் பகுதியை நடுப்பலகைக்கு வைத்துக்கொள்ளலாம். மடித்து ஒட்டும் ஓரங்களைக் கடையிலேயே மெல்லியதாகச் சீவித் தரச் சொல்வது நல்லது.

கேள்வி: சென்ற நவம்பரில் தோல் ஒட்டினேன். கோடை தொடங்கியதும் பள்ளமான இடங்களில் தோல் மேலெழும்பிக் கூடாரம்போல் நிற்கிறது. பசையை மாற்ற வேண்டுமா?
— மயிலாப்பூர் வாசகர்

பதில்: பசை, பருவம், ஒட்டிய முறை ஆகிய மூன்றையும் பார்க்க வேண்டும். இரு பரப்புகளிலும் பூசி ஒட்டும் கான்டாக்ட் பசையிலுள்ள கரைப்பான் ஆவியாகும்போது பசைப்படலம் குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரத்தைத் தன்மேல் இழுத்துக்கொள்ளும். வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை இது மிகச் சாதாரணமாக நடக்கும். பசைமேல் வெண்மையாக மூட்டம் படர்ந்தால் அதுதான் ஈரம். அப்போது ஒட்டினால் பிடிமானம் அரைகுறையாகவே இருக்கும். ஜனவரி முடியும் வரை பொறுத்திருந்தால் நல்லது.

அடுத்தது வெப்பம். வெயிலில் மூடி நிறுத்திய காருக்குள் சில பரப்புகள் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும். சாதாரணப் பசை அந்த நிலையில் இளகிவிடும். வெப்பம் தாங்கும் வகை என்று டப்பாவில் அச்சிட்டிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். பலகையிலும் தோலின் பின்புறத்திலும் மெல்லியதாகப் பூசி, டப்பாவில் குறித்துள்ள நேரம் வரை ஆறவிடுங்கள். விரலின் பின்புறத்தால் தொட்டால் ஒட்டுவதுபோல் இருக்க வேண்டும். நூல் இழுக்கக் கூடாது.

தோல் கூடாரம்போல் எழும்பியதற்கு ஒட்டிய முறையே முக்கியக் காரணம் என்று கருதுகிறேன். மேட்டிலிருந்து மேட்டுக்கு இழுத்து ஒட்டிவிட்டு, இறுதியில் பள்ளத்தை அமுக்கியிருப்பீர்கள். இழுவிசையில் இருக்கும் தோல், பசை சற்று இளகியதும் தன் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். முதலில் பள்ளத்தின் அடியில் தோலைத் தளர்வாக அமர்த்தி, கட்டை விரலால் அழுத்தி, அங்கிருந்து வெளிநோக்கிச் செல்ல வேண்டும். தோல் இணங்காத இடத்தில் தலை உலர்த்தும் ஹேர் டிரையரின் சூடு போதும். ஹீட் கன்னை ஒரே இடத்தில் காட்டினால் தோல் சுருங்கிவிடும், சுருங்கிய தோலை மீட்க வழியில்லை. விளிம்புகளில் 2 சென்டிமீட்டர் மிச்சம் விட்டுப் பின்புறம் மடியுங்கள். வளைவுகளில் ஆங்கில ‘வி’ வடிவில் வெட்டும்போது விளிம்புக்கு 3 மில்லிமீட்டர் முன்பே கத்தரியை நிறுத்திக்கொள்ளுங்கள்.

அடுக்குமாடியில் வசிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: இந்தப் பசையின் ஆவி எளிதில் தீப்பற்றும். சமையலறையை ஒட்டியோ, பூஜை விளக்கு எரியும் அறையிலோ டப்பாவைத் திறக்கவே கூடாது. மொட்டை மாடியின் நிழலான பகுதியே சரியான இடம்.

கேள்வி: தோலின் நடுவில் அலங்காரத் தையல் போட வீட்டுத் தையல் இயந்திரம் போதுமா?
— தாம்பரம் வாசகி

பதில்: தோலும் ஃபோமும் சேர்ந்த கனத்தை வீட்டு இயந்திரம் இழுக்காது. தோலை அளவாக வெட்டிக் கோடு போட்டு, சீட் கவர் தைப்பவரிடம் கொடுத்துத் தைத்து வாங்கிய பிறகு ஒட்டுங்கள். வெயிலைத் தாங்கும் பாலியெஸ்டர் நூலைக் கேளுங்கள். பருத்தி நூல் இற்றுவிடும்.

கேள்வி: தோல் பளபளக்கத் தேங்காய் எண்ணெய் தடவலாமா?
— வேளச்சேரி வாசகர்

பதில்: வேண்டாம். எண்ணெய் தோலைக் கறுக்கச் செய்வதோடு தூசியையும் பிடித்து வைத்துக்கொள்ளும். மழைக்காலத்தில் மூடியே கிடக்கும் காரில் பூஞ்சை பிடித்தால், நன்றாகப் பிழிந்த ஈரத்துணியால் துடைத்து, கதவுகளைத் திறந்து வைத்து நிழலில் காயவிடுங்கள்; அதன்பின் மேற்பூச்சுள்ள தோலுக்கான கண்டிஷனரைத் துணியில் எடுத்து மெல்லியதாகப் பூசினால் போதும்.